கிளாஸ் மாறினால் ஒயினின் ருசி மாறுமா? காரைக்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பெரியப்பாவுக்குப் பழைய சாமான் கடை. தேக்குத் தூண், எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி என்று எல்லாம் வரும். வீடு பிரிக்கும்போது அலமாரியில் கிடந்த கிளாஸ் பெட்டிகளும் கூடவே வந்து சேரும். நான் சென்னையில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருடம் ஒயின் பரிமாறிவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அதனால் கிளாஸ் சம்பந்தமாக யார் எதைக் கேட்டாலும், "தம்பியக் கேளுங்க" என்று பெரியப்பா என் பக்கம் தள்ளிவிடுவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வதும் என் வேலை இல்லை. அவர்களுக்கான கேள்வி ஒன்று பின்னால் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கிளாஸ் மாறினால் ருசி மாறுமா?

மாறும். ஆனால் அந்த மாற்றம் நடப்பது மூக்கில். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்கிற இறைச்சிச் சாறு போன்ற சுவை, அவ்வளவுதான். நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். ஜலதோஷம் பிடித்த அன்றைக்கு ரசம் குடித்துப் பாருங்கள். புளிப்பும் உப்பும் காரமும் இருக்கும், ரசம் இருக்காது.

மணம் மூக்குக்குப் போக இரண்டு வழி. கிளாஸை முகத்தருகே கொண்டுவரும்போது நேராக ஏறுவது ஒன்று. வாய்க்குள் போனபின் தொண்டையின் பின்பக்கமாக மேலே ஏறுவது மற்றொன்று. முதல் வழியைத்தான் கிளாஸ் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒயின் வாய்க்குள் போய்விட்டால் கிளாஸுக்கு அங்கே அதிக வேலை கிடையாது.

சிவப்பு ஒயினில் வரும் துவர்ப்பையும் பலர் சுவைக் கணக்கில் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் தொடு உணர்ச்சி. நாவல்பழம் தின்றால் நாக்கு வரள்கிறதே, அதே சங்கதி. டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. எந்தக் கிளாஸில் ஊற்றினாலும் டானின் குறையாது.

வடிவம் எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டுச் சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு அகலம், கழுத்து குறுகல். நல்ல ஒயின் கிளாஸும் கிட்டத்தட்ட அதே கதை, கீழே ஒரு தண்டும் பாதமும் சேர்ந்திருக்கும். வயிறு அகலமாக இருப்பதால் ஒயினின் மேற்பரப்பு விரிகிறது, மணப்பொருள்கள் அங்கிருந்து ஆவியாகின்றன. வாய் குறுகியிருப்பதால் அந்த ஆவி சட்டென்று அறைக்குள் கலைந்து போகாமல் கிளாஸுக்குள்ளேயே தங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மீதி இடத்தைக் காலியாக விடுவது இதற்காகத்தான். கஞ்சத்தனம் என்று நினைத்து எங்கள் ஹோட்டலில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் என்பது வழக்கமான கணக்கு, அதாவது கிளாஸுக்கு 150 மில்லி. கிளாஸ் பெரிதாக இருந்தால் அந்த 150 மில்லி அடியில் கொஞ்சூண்டு கிடப்பது போலத் தெரியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி ஜப்பானில் நடந்தது. தோக்கியோ மருத்துவ பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கோஜி மித்சுபயாஷி என்பவரின் குழு 2015இல் வெளியிட்டது. ஆல்கஹால் ஆவி பட்டால் ஒளிரும்படி என்சைம் ஏற்றிய வலைத்துணியை கிளாஸின் வாய்மேல் வைத்துக் கேமராவில் படம் பிடித்தார்கள். ஒயின் 13 டிகிரி செல்சியஸில் இருந்தபோது, ஒயின் கிளாஸில் மட்டும் ஆல்கஹால் ஆவி விளிம்பை ஒட்டி வளையமாக நின்றது. நடுவில் அடர்த்தி குறைவு. நேர்ச்சுவர் டம்ளரிலும் வாய் விரிந்த மார்ட்டினி கிளாஸிலும் இந்த வளையம் வரவில்லை. ஆக, ஒயின் கிளாஸின் நடுவில் மூக்கை வைத்தால் ஆல்கஹாலின் நெடி குறைவாகவும் ஒயினின் மணம் தெளிவாகவும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஒயினைச் சூடாக்கியதும் அதே கிளாஸிலும் வளையம் காணாமல் போனது. இந்தக் கடைசி விஷயம் காரைக்குடிக்காரர்களுக்கு முக்கியம், கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்றும், கிளாஸ் ஒயினைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விடும் என்றும் சொல்கிறார்களே?

பழைய படம் அது. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கின் ஓரங்களில் இடத்துக்கு இடம் உணர்திறன் லேசாக மாறுவதை அளந்து எழுதினார். 1942இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வின் போரிங் அதை எடுத்து வரைபடமாகப் போட்டபோது, லேசான வித்தியாசம் தனித்தனிப் பேட்டைகள் போலத் தெரிய ஆரம்பித்தது. பிறகு பள்ளிப் பாடத்திலும் ஏறிவிட்டது. உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளும் தெரியும். சந்தேகம் இருந்தால் நாக்கின் நுனியில் ஒரு கல் உப்பை வைத்துப் பாருங்கள்.

குறுகிய வாய் கொண்ட கிளாஸில் குடிக்கத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும், அகன்ற வாயில் உறிஞ்ச வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு மடக்கு உள்ளே போன மறுகணமே வாய் முழுக்கப் பரவிவிடுகிறது.

அப்படியானால் ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு கிளாஸ் என்பதை யார் ஆரம்பித்தது?

ஆஸ்திரியாவின் குஃப்ஸ்டைன் ஊரில் இருக்கும் ரீடல் கம்பெனியின் பேரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1756இல் பொஹீமியாவில் தொடங்கிய குடும்பத் தொழில். அந்த வம்சத்தில் வந்த கிளவுஸ் ரீடல் என்பவர் (பெயரே கிட்டத்தட்ட கிளாஸ்தான், நான் வைக்கவில்லை) 1958இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஒயினுக்கென்று குடம் போல ஒரு பெரிய கிளாஸ் செய்தார். அதுவரை விருந்து மேசைக் கிளாஸ்களில் வெட்டு வேலையும் வண்ணமும்தான் முக்கியம். இவர் வேலைப்பாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெல்லிய வெற்றுக் கண்ணாடியில் வடிவத்தை மட்டும் வைத்தார். 1973இல் 'சொம்மலியே' (ஒயின் பரிமாறுபவர்) என்ற பெயரில் ஒயின் வகைக்கு ஒரு கிளாஸ் என்று முழு வரிசையே வந்தது. அந்தக் கிளாஸ்களை அழகு என்று ஒப்புக்கொள்கிறேன். திராட்சைக்கு ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதெல்லாம் மனப்பிரமை இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

கொஞ்சம் பிரமையும் உண்டு, அதை மறைப்பானேன். அமெரிக்காவில் 2002இல் டெல்விஷ், பெல்ஷா என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை உட்காரவைத்து, கிளாஸைக் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ விடாமல் ஒயினை முகர மட்டும் விட்டார்கள். கிளாஸுக்கு கிளாஸ் மணத்தில் வித்தியாசம் இருந்தது. ஆனால் அது சின்ன வித்தியாசம், விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

கண்ணைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சோதனை. பிரான்சின் போர்தோ நகரில் 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். படிக்கிறவர்களுக்கே இப்படி என்றால், மெல்லிய தண்டும் பளபளப்புமாக ஒரு கிளாஸ் கையில் இருக்கும்போது நமக்கு ஒயின் உசத்தியாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? வெள்ளி டம்ளரில் பால் கொடுத்தால் மாப்பிள்ளைக்கு ருசியாக இருக்கிறது. அதில் வெள்ளியின் பங்கு எவ்வளவு, மாமியார் வீட்டின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

விளிம்பின் கனமும் ஒரு காரணம். மலிவு கிளாஸில் வாய் ஓரம் மணி கோத்தது போலத் தடிப்பாக இருக்கும். உதட்டில் அதுதான் முதலில் படும். மெல்லிய விளிம்பு என்றால் கிளாஸே இல்லாதது போல ஒயின் மட்டும் வரும். வடிவத்தைவிட இந்த வித்தியாசத்தைத்தான் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் உடனே சொல்கிறார்கள்.

சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையில் வைத்தால் போதுமா?

போதாது. அந்த "ரூம்" ஐரோப்பாவின் குளிர்காலத்து ரூம், 18 டிகிரிக்குள் இருப்பது. நம் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகள் கனத்த சுவர், முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் திறந்த வளவு, காலுக்கு ஆத்தங்குடிக் கல் என்று குளிர்ச்சிக்காகவே கட்டப்பட்டவை. அப்படியும் சித்திரை மாதத்தில் உள்ளே 30 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஒயினை ஊற்றினால் ஆல்கஹால் முண்டியடித்துக்கொண்டு மேலே வரும். மேலே சொன்ன ஜப்பான் வளையமெல்லாம் போய்விடும். எவ்வளவு உயர்ந்த கிளாஸாக இருந்தாலும் மூக்கில் குத்துவது ஸ்பிரிட் நெடிதான்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரு விருந்துக்கு உதவி செய்யக் கூப்பிட்டார்கள், போனேன். இறக்குமதிக் கிளாஸ், ஒவ்வொன்றும் பெரியப்பாவின் ஒரு வார வியாபாரம். ஒயின் பாட்டில்களை மத்தியானத்திலிருந்து கல்யாணக் கொட்டகையில், வெயில் விழும் பக்கமாக அடுக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் திறந்து ஊற்றினேன். முதல் மடக்கிலேயே ஒருவர், "என்ன தம்பி, இருமல் மருந்து மாதிரி இருக்கு?" என்றார். மீதிப் பாட்டில்களை ஐஸ் போட்ட எவர்சில்வர் அண்டாவில் இருபது நிமிடம் முக்கி எடுத்தேன். அதே கிளாஸ், அதே ஒயின். அதே மனிதர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

ஆகவே சிவப்பு ஒயினைக் குடிக்கும் முன் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள், 15 முதல் 18 டிகிரி போதும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறாது. தண்டில்லாத கிளாஸை ரீடலே 2004இல் கொண்டுவந்தது. குளிர் நாட்டில் சரி, நம் ஊரில் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும்.

வெள்ளை ஒயின் கிளாஸ் ஏன் சின்னதாக இருக்கிறது?

குளிர்ச்சிக்காக. கொஞ்சமாக ஊற்றி, சூடேறும் முன் முடித்துவிட்டு, மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். மணமும் மென்மையானது, பெரிய வயிற்றில் கரைந்துபோகும்.

உங்கள் கடையில் அகலமாக, ஐஸ்கிரீம் கப் போல ஒன்று இருக்கிறதே, அது என்ன?

பெரியப்பாவும் அதை ஐஸ்கிரீம் கப் என்றுதான் விற்கிறார். அது ஷாம்பெயின் கூப். ஆழமில்லாத அகலக் கிண்ணம், கீழே தண்டு. பிரெஞ்சு அரசி மரி ஆன்த்வானெத்தின் உடலை அச்சாக வைத்துச் செய்தது என்று ஒரு கதை உலகம் பூராவும் சுற்றுகிறது. அவர் பிறந்தது 1755இல். அந்த மாதிரிக் கிண்ணங்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இருந்தன.

பார்க்க லட்சணமான கிளாஸ், ஷாம்பெயினுக்குத்தான் ஆகாது. மேற்பரப்பு அகலம் என்பதால் கரியமில வாயு சீக்கிரம் ஓடிவிடும், மணமும் தங்காது. நேர்மாறானது ஃப்ளூட் என்ற ஒல்லிக் குழல். பிரான்சின் ரேம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழு, 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டிலும் மேலே எழும் வாயுவை அகச்சிவப்புக் கேமராவில் படம் பிடித்தது. ஃப்ளூட்டின் வாயில் வாயு அடர்த்தியாகக் குவிகிறது. கோலி சோடா உடைத்தவுடன் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த அனுபவம்தான். குமிழி அழகாகத் தெரியும், மணம் தெரிவதற்குள் மூக்கு சுருங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் டியூலிப் பூ வடிவம் ஒன்று உண்டு, இப்போது பலரும் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

இன்னொன்றும் லிஜே-பெலேர் குழு கண்டது. குமிழிகள் பெரும்பாலும் கண்ணாடியின் கீறலில் பிறப்பதில்லை. துடைத்த துணியிலிருந்து ஒட்டிய பஞ்சிழையிலும் காற்றில் வந்த தூசியிலும்தான் பிறக்கின்றன. ரொம்பச் சுத்தமாக இருந்தால் குமிழியே வராது. பெரியப்பாவின் பழைய வேட்டித் துண்டால் துடைத்த கிளாஸில் குமிழி அமர்க்களமாக வரும்.

பழைய அலமாரிகளிலிருந்து வரும் ஒயின் கிளாஸ்கள் ஏன் இத்தனை குட்டி?

முதல் காரணம், அவற்றில் பாதி சாதாரண ஒயினுக்கானவையே இல்லை. ஆல்கஹால் கூடுதலான ஷெர்ரி, போர்ட் ஒயின்கள், லிக்கர் என்ற இனிப்பு மது போன்றவற்றுக்கான கிளாஸ்கள். அவை எல்லாமே கொஞ்சமாகக் குடிப்பவை. இரண்டாவது, அந்தக் காலத்து ஒயின் கிளாஸே சிறியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1700 முதல் 2017 வரையிலான 411 இங்கிலாந்துக் கிளாஸ்களின் கொள்ளளவைக் கணக்கெடுத்தார்கள். 1700 வாக்கில் சராசரி 66 மில்லி, 2017 வாக்கில் 449 மில்லி. கிட்டத்தட்ட ஏழு மடங்கு! இங்கிலாந்தில் 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்கு வரி இருந்ததும் சின்னதாகச் செய்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 66 மில்லி என்பது நம் காபி டம்ளரில் பாதிக்கும் கீழே.

அந்தக் குட்டிக் கிளாஸில் மணம் தங்க இடம் இல்லை, சுழற்றினால் சட்டையில் கொட்டும். வாங்குகிறவர்களிடம் நான் மறைப்பதில்லை. ஷோகேஸுக்கு வாங்குங்கள், இல்லாவிட்டால் பாயசம் ஊற்றிக் கொடுங்கள், பிரமாதமாக இருக்கும்.

அப்புறம், எங்கள் தெருவில் எல்லாமே "பெல்ஜியம் கண்ணாடி"தான். பெல்ஜியத்திலிருந்து ஏராளமாக வந்தது நிஜம். ஆனால் அச்சில் அழுத்திய மலிவுக் கிளாஸும் அதே பெயரில்தான் விலை போகிறது. கிளாஸை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஓடினால் அது அச்சு சேர்ந்த இடம். விரலை வைத்துத் தடவினாலே தட்டுப்படும்.

காரீயம் கலந்த கிரிஸ்டல் கிளாஸில் குடிக்கலாமா?

குடிக்கும் நேரத்துக்குள் பெரிதாக ஒன்றும் இறங்காது. ஊற்றி வைப்பதுதான் தப்பு. 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து, பளபளப்புக்காகவும் வெட்டு வேலைக்கு வளைந்து கொடுப்பதற்காகவும் கண்ணாடியில் காரீய ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதம் இருந்தால்தான் அதற்கு லெட் கிரிஸ்டல் என்று பெயர். ஒயின் புளிப்பானது. கிரிஸ்டல் குடுவையில் வாரக்கணக்கில் வைத்தால் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே அலங்காரக் குடுவையில் ஊற்றி அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கிளாஸில் ஜூஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

குடுவையில் மாற்றி ஊற்றுவது எதற்காக?

நாம் காபியை ஆற்றுவது போலத்தான். ஹோட்டலில் டிகாண்டிங் என்பார்கள், எனக்கு "ஆற்றுதல்" என்ற வார்த்தையே போதும். இளம் சிவப்பு ஒயினைக் காற்று படும்படி ஊற்றினால், அடைபட்டுக் கிடந்த கந்தக நெடி போன்றவை விலகும். பழைய ஒயின் என்றால் அடியில் தங்கிய கசடை விட்டுத் தெளிவை மட்டும் வடித்தெடுக்க. பெரிய கிளாஸில் ஊற்றிச் சுழற்றினாலும் இதே வேலை சின்ன அளவில் நடக்கும்.

வெள்ளி டம்ளர், பித்தளைச் சொம்பு எல்லாம் வீட்டில் இருக்கிறது. அதில் குடித்தால் என்ன?

ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. மோரையும் புளியையும் அவற்றில் வைக்கக் கூடாது என்று ஆச்சிமார்கள் சொல்வதன் காரணமே இதற்கும் பொருந்தும், ஒயினும் புளிப்புதான். வெள்ளியிலும் எவர்சில்வரிலும் கெடுதல் இல்லை. நிறம் தெரியாது, டம்ளரின் வாய் வெளியே விரிந்திருப்பதால் மணம் நிற்காது. அந்த விரிந்த வாய் எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பதற்கு வசதி. தூக்கிக் குடிக்கும்போது மூக்குக்கும் பாத்திரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக ஏறும் மணம் கிட்டத்தட்ட பூஜ்யம், தொண்டை வழியாக ஏறுவது மட்டும்தான் பாக்கி. ஒயின் கிளாஸ் செய்வதற்கு நேர் எதிரான ஏற்பாடு இது.

பாத்திரத்தின் வடிவம் ருசிக்காக மட்டும் வருவதில்லை என்பதற்கு ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளமே சாட்சி. அங்கே ரோமானிய ஆம்போரா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நீண்ட கழுத்து, கூரான அடி, ஒயினும் எண்ணெயும் கப்பலில் அடுக்கி வர ஏற்ற ஜாடி. மணம் பிடிப்பதற்கும் அந்தக் குறுகிய கழுத்துக்கும் சம்பந்தம் இல்லை, அடைத்து மூட வசதி.

எங்கள் வீட்டில் மது வாசலுக்குள் வராது. சோதித்துப் பார்க்க வேறு வழி?

நல்ல கேள்வி, கடையில் இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். உலகத்தார் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் ரகம் அதுதான். ரோஜா மணம் வீசும் பொருள்கள் அந்த இனத்தில் இயல்பாகவே அதிகம், பன்னீர் என்று பெயர் வைத்தவர் மூக்குக்குக் கும்பிடு போடலாம்.

கையால் பிசைந்து வடிகட்டி, குளிரவைத்து, மூன்று பாத்திரத்தில் ஐம்பது ஐம்பது மில்லி ஊற்றுங்கள். ஒன்று எவர்சில்வர் டம்ளர், ஒன்று காபி டபரா, ஒன்று வாய் குறுகிய கிளாஸ். ஒயின் கிளாஸ் இல்லாவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டில்கூடப் போதும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் பாத்திரத்தை லேசாகச் சுழற்றி உங்கள் மூக்கருகே பிடிக்கட்டும். டபராவில் மணம் தேட வேண்டியிருக்கும். வாய் குறுகியதில் பன்னீர் தனியாக எழும்பும். என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு, மூன்றையும் சரியாகக் கண்டுபிடித்தாள். குடிக்கும்போது இனிப்பு மட்டும் மூன்றிலும் ஒன்றே என்றாள்.

செட்டிநாட்டுச் சாப்பாட்டுடன் எந்தக் கிளாஸ், எந்த ஒயின்?

கிளாஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உப்புக்கறியும் கோழி வறுவலும் இலையில் இருக்கும்போது கல்பாசியும் மராட்டி மொக்கும் மிளகும் மூக்கை முழுக்கக் குத்தகைக்கு எடுத்துவிடும். ஒயினின் நுணுக்க மணத்துக்கு அங்கே இடமில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது எரிச்சல். மிளகாயின் காரத்தை ஆல்கஹால் கூட்டும், அந்த எரிச்சலில் டானினும் கரடுமுரடாகத் தெரியும். ஆகவே 14 சதவீதச் சிவப்பு ஒயினை நண்டு மசாலாவோடு சேர்க்காதீர்கள். ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும், நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின் பொருந்தும். நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க் நல்ல தேர்வு. ஒயின் ஷாப் என்று நாம் கூப்பிடும் கடையில் ஒயின் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

இலையில் கையால் சாப்பிடும்போது வலது கை பூராவும் மசாலா. இடது கையால்தான் கிளாஸ் எடுக்க முடியும். பழக்கமில்லாத கையால் சுழற்றிப் பார்க்காதீர்கள். வெள்ளை வேட்டியில் சிவப்பு ஒயின் கறை போக்குவது எப்படி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளாஸில் ஊற்றிய ஒயினில் பாச்சை உருண்டை வாசனை வருகிறது. ஒயின் கெட்டுவிட்டதா?

அலமாரியைத் திறந்து பாருங்கள். தேக்கு அலமாரியில் கிளாஸைக் கவிழ்த்து வைத்தால், உள்ளே அடைபட்ட காற்று மரத்தின் வாசனையையும் பட்டுப்புடவைக்குப் போட்ட உருண்டையின் வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மணத்தைச் சேர்த்து வைக்கிற வடிவம் கெட்ட மணத்தையும் விடாது. நிமிர்த்தி வையுங்கள். குடிப்பதற்கு முன் வெந்நீரில் அலசி, ஒரு நிமிடம் காற்றாட விட்டு, வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். அதில் ஒரு வாசனையும் வரக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பை நன்றாக அலசாமல் விட்டாலும் இதே கதிதான். புளியும் சாம்பலும் வெண்கலத்துக்குச் சரி, மெல்லிய கண்ணாடியில் கீறல் விழும்.

கடைசியாக, எத்தனை வகை வாங்க வேண்டும்?

ஒரே வகை போதும். வயிறு அகன்று வாய் குறுகிய, தண்டுள்ள, 350 முதல் 400 மில்லி பிடிக்கும், விளிம்பு மெல்லிய கிளாஸ் ஆறு. ஒயின் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூடச் சோதனைக்கு எல்லா ஒயினையும் ஒரே கிளாஸில்தான் ஊற்றுகிறார்கள். 1977இல் அதற்குச் சர்வதேசத் தர அளவு வந்தது. சுமார் 215 மில்லி கொள்ளளவு, வயிறு 65 மில்லிமீட்டர், வாய் 46 மில்லிமீட்டர். சோதனைக்கு அதில் 50 மில்லி ஊற்றுவார்கள். மீதிப் பணத்தை ஒயினுக்கோ ஐஸுக்கோ செலவழியுங்கள்.

செட்டாக இல்லாத ஒற்றைக் கிளாஸ் கொடுப்பீர்களா?

கொடுப்போம், வாசல் பக்கத்து மரப்பெட்டியில் கிடக்கிறது, வைக்கோலைத் தள்ளிவிட்டுத் தேடுங்கள். எடுத்ததும் சுண்டிப் பார்க்காதீர்கள், விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். நெருடினால் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். விலை பெரியப்பாவிடம்தான் பேச வேண்டும், ஐஸ்கிரீம் கப் என்று சொன்னால் குறைவாகக் கொடுப்பார்.